தாலுகா அலுவலக வரிசையில் ஓர் ஏரி: ஒரு வீடியோ கேம் கதையின் நிகழ்வு ஆய்வு

மாம்பலம் ஏரி தனக்குப் பட்டா கேட்டு மனு கொடுக்க வருகிறது. சென்னையில் சிறு குழுவாகச் சேர்ந்து நாங்கள் செய்துவரும் கேமின் கதை இதுதான். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் தூர்க்கப்பட்ட ஏரி, வயதான ஓர் அம்மாவாகத் தியாகராய நகருக்குத் திரும்பி வருகிறது. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெண்ணின் முன்னால் வந்து உட்காருகிறது. விளையாடுபவர்தான் அந்த மனு எழுதும் பெண். அவர் கையில் வாளும் இல்லை, மந்திரக்கோலும் இல்லை. பேனா, வெள்ளைத்தாள், ஜெராக்ஸ் கடைக்குப் போக வழி, இவ்வளவுதான்.

கதையை எழுதும் பொறுப்பு என்னுடையது. எழுத உட்கார்ந்த நாளிலிருந்து குழுவுக்குள் நடந்த வாக்குவாதம் பெரும்பாலும் அளவைப் பற்றியே இருந்தது. சாம்பாரில் உப்பு பார்ப்பதைப் போல, ஃபேன்டஸி கொஞ்சம் தூக்கல், ரியலிசம் கொஞ்சம் மட்டு என்று ஆளுக்கொன்று சொன்னோம். இப்போது எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. அளவு முக்கியமே இல்லை. நடக்கவே முடியாத ஒன்று கதைக்குள் வந்துவிட்டால், அது யாருடைய வரிசையில் நிற்கிறது, யாருடைய கடனைத் தொடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

ஏரி எங்கே இருந்தது

பழைய வரைபடங்களில் லாங் டேங்க் என்று குறிக்கப்பட்ட நீண்ட நீர்நிலை, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடந்தது. 1920களில் அதன் மாம்பலம் பகுதியை வற்றவைத்து மனைகளாக்கினார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் பக்கத்து ஏரியின் இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. நீர் போய்விட்டது, பெயர்கள் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது. டேங்க் பண்ட் ரோடும் இருக்கிறது, அது எந்த ஏரிக்கும் கரை இல்லை.

கேமின் கற்பனை இந்தப் பெயர்ப் பலகைகளிலிருந்தே முளைத்தது. இல்லாத ஏரியின் பெயரைத் தெரு சுமந்துகொண்டிருக்கிறது. அந்தத் தெருவே முகவரிச் சான்று ஆனால் என்ன? இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அபத்தமான யோசனை எங்கிருந்தோ தலையில் விழுந்ததாக இருந்தால் கதை பாதி வழியில் மூச்சு வாங்கும். அது ஊரில் ஏற்கெனவே கிடக்கும் ஓர் உண்மையின் அடுத்த அடியாக இருந்தால், எழுதுபவர் கண்டுபிடிக்க வேண்டியது குறைகிறது, கவனிக்க வேண்டியது கூடுகிறது.

கவுன்ட்டர் காட்சி

முதல் வரைவில் ஏரியைப் பார்த்ததும் கிளார்க் அலறிக்கொண்டு நாற்காலியிலிருந்து விழுவார். விளையாடிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அதற்கடுத்து அவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் ஏரியின் உடம்பைப் பற்றியவை. அவள் எப்படி நடக்கிறாள்? கார் மோதினால் என்ன ஆகும்? வெயிலில் வற்றிப்போவாளா? பட்டாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பாத்திரம் வியந்து நின்றுவிட்டால் விளக்கம் சொல்லும் கடமை கதைக்கு வந்துவிடுகிறது. ஒரு விளக்கம் இன்னொரு விளக்கத்தை இழுக்கும். கடைசியில் கதை இருந்த இடத்தில் விதிப்புத்தகம் உட்கார்ந்திருக்கும்.

இப்போதைய வரைவில் கிளார்க் தலையை நிமிர்த்துவதே இல்லை.

"பேரு?"

"மாம்பலம் ஏரிப்பா."

"அப்பா பேரு சொல்லும்மா."

"வானம்னு போட்டுக்கோ."

"விலாசம்?"

"லேக் வியூ ரோடு."

"டோர் நம்பர்?"

"ரோடு முழுக்க நாந்தாம்ப்பா."

"டோர் நம்பர் இல்லாம சிஸ்டம் எடுக்காதும்மா. எழுதிக் குடுத்தவங்கள கூட்டிட்டு வா."

இந்த இடத்தில் விளையாடுபவருக்கு முதல் வேலை வருகிறது. டோர் நம்பர் இல்லாத ஒருவருக்கு முகவரிச் சான்று எப்படி வாங்குவது? நடைபாதையில் குடியிருப்பவர்களுக்கும், வாடகை ஒப்பந்தம் எழுதித் தராத வீட்டு உரிமையாளர்களிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இது அன்றாடக் கேள்வி. ஏரியின் சிக்கல் மனிதரின் சிக்கலாக மாறுவது இங்கேதான். கிளார்க் வியக்கவில்லை என்பதாலேயே விளையாடுபவர் அந்த அம்மாவை நம்புகிறார். கிளார்க் கேட்பது நாம் எல்லோரும் ஏதோ ஒரு கவுன்ட்டரில் கேட்டுப் பழகிய கேள்வி.

ஏரியின் உடம்புக்கு என்று ஒரே ஒரு விதி வைத்தோம். அவள் எங்கே உட்கார்ந்தாலும் சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதை வேடிக்கையாக விட்டுவிடாமல் வேலைக்குள் கொண்டுவந்தோம். இங்க் பேனாவால் எழுதிய மனு அவள் கை பட்டால் கரைந்துவிடும். இங்க்ஜெட்டில் எடுத்த பிரிண்டும் வழியும். ஜெராக்ஸ் நகல் தாங்கும், ஏனென்றால் அதிலுள்ள டோனர் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிய பிளாஸ்டிக் தூள். இது எந்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் தெரியும். விளையாடுபவர் இதைத் தானாகக் கண்டுபிடித்து, எதைக் கொடுப்பதற்கு முன்பும் நகல் எடுத்து வைக்கப் பழகிக்கொள்கிறார். அரசு அலுவலகத்துக்கு அலைந்த யாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கற்பனையின் விதியும் நடப்பின் விதியும் ஒரே செயலில் சந்திக்கும் இடம் இது. கேமில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

ஓர் அழகான காட்சியை எடுத்துவிட்டோம். ஸ்டூடியோவில் ஏரியைப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கிறார்கள். பிரிண்ட் போட்டால் அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எடுத்தவரின் முகம் தெரிகிறது. ஓவியர் அதை அருமையாக வரைந்திருந்தார். ஆனால் அதிலிருந்து கதையில் எதுவும் நகரவில்லை. தண்ணீர் நிற்பது ஏற்கெனவே ஓர் அதிசயம். பிரதிபலிப்பு இரண்டாவது அதிசயம். இரண்டாவது வந்தவுடன் மூன்றாவதும் வரும் என்று விளையாடுபவர் எதிர்பார்க்கத் தொடங்கினார், ஜெராக்ஸ் எடுப்பதை நிறுத்தினார். ஏதாவது மாயம் நடந்து காப்பாற்றிவிடும் என்ற நினைப்பு வந்த பிறகு யார் வரிசையில் நிற்பார்கள்?

மற்றவர்கள் செய்தது

ஒரே ஓர் அதிசயம் என்பது எல்லாக் கேமுக்கும் பொருந்தும் சட்டம் இல்லை. சேகா நிறுவனத்தின் யகுசா ஸீரோ (2015) அதற்கு நேர் எதிரான வழியில் போய் வென்றது. களம் 1988 டிசம்பர். ஜப்பானில் நிலவிலை பைத்தியம் பிடித்து ஏறிய காலம். டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியை மாதிரியாக வைத்து உருவாக்கிய கமுரோச்சோ என்ற கேளிக்கைப் பேட்டையில், ஒரு துண்டு காலி மனை யாருக்குச் சொந்தம் என்பதற்காகக் கொலைகள் விழுகின்றன. அந்த மையக் கதை முழுக்கக் கனமானது. அதே தெருவில், கதாநாயகன் கிர்யு பந்துருட்டும் விளையாட்டில் வரிசையாக மூன்று முறை எல்லாக் கட்டைகளையும் வீழ்த்தினால் பரிசாக ஒரு கோழி கிடைக்கிறது. அந்தக் கோழி அவனுடைய ரியல் எஸ்டேட் தொழிலில் மேனேஜராகச் சேர்ந்துவிடுகிறது. அடிவாங்கும் ரவுடிகளின் உடம்பிலிருந்து ரூபாய் நோட்டுபோல யென் நோட்டுகள் பறக்கின்றன.

இது உடையாமல் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. முதலாவது, மையக் கதைக்கும் கிளைக் கதைகளுக்கும் நடுவே அவர்கள் கட்டிய சுவர். காலி மனைக்காக ஒருவர் சாகும் காட்சியில் கோழி எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டாவது காரணம் பெரியது: கிர்யு. தெருவில் யார் என்ன பைத்தியக்காரத்தனமான உதவி கேட்டாலும், அவன் மையக் கதையின் சாவுகளுக்குக் கொடுக்கும் அதே கவனத்தைக் கொடுத்துக் கேட்கிறான். எவரையும் கேலி செய்வதில்லை. உலகம் எத்தனை பக்கம் சாய்ந்தாலும் அந்த மனிதன் சாயவில்லை. அதோடு, பறக்கும் நோட்டும் வெறும் வேடிக்கை அல்ல. மனிதருக்குள் இரத்தத்துக்குப் பதில் பணம் ஓடிய ஒரு காலத்தைத்தான் அது காட்டுகிறது.

அதே வரிசையில் 2020இல் வந்த யகுசா: லைக் எ டிராகன் எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. செய்யாத குற்றத்துக்காகப் பதினெட்டு ஆண்டு சிறையிருந்து வெளியே வரும் இச்சிபன், யோகோஹாமாவில் வீடற்றவர்களின் கூடாரத்தில் கண்விழிக்கிறான். சிறுவயதில் டிராகன் குவெஸ்ட் கேமில் ஊறிப்போனவன். அதனால் சண்டை வந்தால் எதிராளிகள் அவன் கண்ணுக்கு விசித்திர உருவங்களாக மாறுகிறார்கள். கற்பனை எங்கே வசிக்கிறது என்பதற்கு அந்தக் கேம் தெளிவான பதில் வைத்திருக்கிறது: அவன் தலைக்குள். இன்னொரு நுணுக்கம் உண்டு. மற்ற சாகச கேம்களில் கோயிலிலோ மந்திரவாதியிடமோ போய் மாற்றிக்கொள்ளும் தொழில் வகையை, இச்சிபனும் நண்பர்களும் ஹலோ வொர்க் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய் மாற்றிக்கொள்கிறார்கள். ஜப்பானில் அது உண்மையாகவே இருக்கும் அலுவலகம். நம் ஊர் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் வலி உடனே புரியும்.

எங்கள் தாலுகா அலுவலகத்துக்கு நேரடி மூத்தவர் ஒருவர் உண்டென்றால் அது கார்ட்போர்ட் கம்ப்யூட்டர் குழுவின் கென்டக்கி ரூட் ஸீரோ. ஐந்து அங்கங்களாக 2013இலிருந்து 2020 வரை வெளிவந்தது. பழம்பொருள் கடைக்குச் சரக்கு கொண்டுபோகும் முதிய ஓட்டுநர் கான்வே, முகவரி தேடி ஓர் அரசு அலுவலகத்துக்குப் போகிறார். லிஃப்டில் ஏறினால் மூன்றாம் மாடி முழுக்கக் கரடிகள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் அங்கே நின்றுவிட்டேன். ஆனால் அந்தக் கேமின் உண்மையான பலம் கரடிகளில் இல்லை, கான்வேயின் காலில் இருக்கிறது. அடிபட்ட காலுக்கு வைத்தியம் நடக்கிறது, கால் ஒளிரும் எலும்பாக மாறுகிறது, வைத்தியச் செலவு கடனாக ஏறுகிறது. அந்தக் கடனுக்காக ஒரு சாராய ஆலை அவரை வேலைக்குப் பிடித்துக்கொள்கிறது. அங்கே கடன்பட்ட தொழிலாளர்கள் எல்லோரும் ஒளிரும் எலும்புக்கூடுகள். கற்பனை இங்கே கடனை அடைக்க வரவில்லை. கடனுக்கு ஓர் உடம்பு கொடுத்தது, அவ்வளவே. இதைப் படித்துக்கொண்ட பிறகுதான் எங்கள் ஏரியை எப்படி நடத்துவது என்று எனக்குத் தெளிந்தது.

தமிழில் இதற்கு முன்னோடி தேடி வெகுதூரம் போக வேண்டாம். புதுமைப்பித்தனின் கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும், பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் தொடங்குகிறது. கடவுள் நேரில் வருவதற்கு முன்பே கந்தசாமிப் பிள்ளை டிராம் கட்டணத்தில் காலணா மிச்சம் பிடிப்பதைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் காலணாதான் கதையின் தரை. கடவுள் வந்த பிறகும் கணக்கு நிற்பதில்லை, பிள்ளை தன் வைத்தியப் பத்திரிகைக்கு அவரையே சந்தாதாரராக்கப் பார்க்கிறார். கேம் எழுதும் நம் ஊர் இளைஞர்கள் இந்தக் கதையை ஒரு பாடமாகவே வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

"மொதல்ல யாரு வீட்ட இடிப்பாங்க?"

இதுவரை சொன்னதெல்லாம் கைத்திறன். இனி வருவது அதைவிடக் கனமானது.

விளையாடிப் பார்க்க வந்தவர்களில் கண்ணகி நகரில் வசிக்கும் ஒரு கல்லூரி மாணவி இருந்தார். கவுன்ட்டர் காட்சியை ரசித்து ஆடினார், ஜெராக்ஸ் தந்திரத்தை எல்லோருக்கும் முன்னால் பிடித்தார். முடித்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, இந்த ஏரி கேஸ் ஜெயிச்சா மொதல்ல யாரு வீட்ட இடிப்பாங்க?"

அப்போதைய கதையில் வீடே இல்லை. ஏரி ஒரு பக்கம், அலுவலகம் மறுபக்கம். நல்லவளும் தடையும். நடப்பில் அப்படி இல்லை. நீர்நிலைகளைக் காக்க 2007இல் தமிழ்நாட்டில் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. சட்டத்தின் நோக்கம் தேவையானது. ஆனால் கரையோரக் குடிசைகளை எடுக்கும் வேகம் ஏரிக்குள் எழுந்த பெரிய கட்டடங்களிடம் தெரிவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. 2000 முதல் நகரத்து ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. அந்த இடங்கள் இருப்பதும் பள்ளிக்கரணை சதுப்புநிலப் பக்கம்தான். நீரோரத்திலிருந்து எடுத்து இன்னொரு நீரோரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தச் சதுப்புநிலத்துக்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது.

ஏரி திரும்பி வந்து தன் இடத்தைக் கேட்கிறது என்ற கற்பனை கேட்க இனிமையாக இருக்கிறது. அதை நடப்பின் மேல் வைத்துப் பார்த்தால், அது ஒரு நோட்டீஸின் மொழியில் பேசத் தொடங்குகிறது. இந்த அபாயத்தை எந்த டயலாக் மெருகும் மறைக்காது. நடப்பை வெறும் பின்னணிச் சித்திரமாக வைத்தால், அதாவது பூக்கடையும் ஆட்டோவும் டீக்கடையும் அச்சு அசலாக இருந்தால் போதும் என்று நினைத்தால், கதை ரியலிசமாகத் தெரியும். யாருடைய பக்கம் நிற்கிறது என்பது மட்டும் பொய்யாக இருக்கும்.

அதனால் கதைக்குள் ஒரு தையல்காரர் வந்தார். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு மெஷின் வைத்து ஆல்ட்டர் வேலை செய்பவர், கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கிறார். பட்டா மனு பதிவானதும் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு போகிறது. தையல்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதும் நம் மனு எழுதும் பெண்ணிடம்தான். விளையாடுபவர் இப்போது இரண்டு தரப்புக்கும் எழுத வேண்டும்.

"பெரியம்மா, நீங்க இருந்த எடம்னு எனக்குத் தெரியாது. அட்வான்ஸ் குடுத்துதான் உள்ள வந்தேன்."

"எனக்கு யாரும் அட்வான்ஸ் குடுக்கலியேப்பா."

"நான் எங்க போவேன், சொல்லுங்க."

"நான் எங்க போனேன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

இருவரும் பொய் சொல்லவில்லை. இந்தக் காட்சி எழுதி முடித்த பிறகு குழுவில் உப்பு பார்க்கும் பேச்சு நின்றது.

வெள்ள முடிவு

முடிவாக ஒரு பெருவெள்ளம் வைக்கலாம் என்று ஒரு யோசனை ரொம்ப நாள் இருந்தது. ஏரி பொறுமையிழந்து எழுகிறாள், பனகல் பார்க் மூழ்குகிறது, கோப்புகள் மிதக்கின்றன. திரையில் பிரமாதமாக இருக்கும். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. 2015 டிசம்பரில் இந்த ஊரில் இருந்தவர்களுக்குக் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறுவது உருவகம் ஆகாது. 2021 நவம்பரில் தியாகராய நகரே நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. வெள்ளத்தில் கோப்பு மிதப்பதற்கு முன் தையல்காரரின் மெஷின் மிதக்கும். ஏரிக்கு அப்படி ஒரு சக்தியைக் கொடுத்தால், அதுவரை வரிசையில் நின்றது எல்லாம் வெறும் பாசாங்கு என்றாகிவிடும். அவளால் நினைத்த நேரத்தில் ஜெயிக்க முடியும், சும்மா நின்றாள் என்று ஆகும். பலவீனமானவர் எதைச் செய்ய முடியாதோ அதை ஏரியும் செய்ய முடியாது என்று வைத்துக்கொண்டோம்.

அவளுக்கு ஒரே ஒரு அறிவு மட்டும் மிச்சம் வைத்திருக்கிறோம். எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது, மழைநீர் எங்கே தேங்கும் என்பது அவளுக்குத் தெரியும். அது மந்திரமல்ல, அந்தப் பகுதியில் நெடுங்காலம் இருக்கும் எந்தப் பாட்டிக்கும் தெரிவதுதான்.

சலிப்பைப் பற்றிச் சுருக்கமாக. அலுவலகக் காத்திருப்பை அப்படியே வைத்தால் விளையாடுபவர் மூடிவிட்டுப் போய்விடுவார். தாண்டிப்போக ஒரு பட்டன் வைத்தால் காத்திருப்புக்கு மதிப்பே இல்லை. டோக்கன் வரிசையில் பக்கத்தில் நிற்பவர்கள் பேசும் பேச்சால் அந்த நேரத்தை நிரப்பினோம். வாரிசுச் சான்றுக்கு வந்தவர், பெயரில் ஓர் எழுத்து பிழையானதால் மாதக்கணக்கில் அலைபவர். இந்தத் தீர்வு வேலை செய்கிறது.

இப்போது தடுமாறிக்கொண்டிருப்பது சர்வேயர் வரும் காட்சி. புலப்படத்தையும் அளவுச் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு சந்துக்கு வருகிறார். ஏரி தன் பழைய கரையைக் காட்டுகிறாள். இப்போதைய வரைவில் அவர் சீக்கிரமே மனம் இளகி அவள் பக்கம் சாய்கிறார். நல்லவர்தான், ஆனால் அவருக்கு மேலே ஓர் அதிகாரி உண்டு, அவர் கையில் இருக்கும் ஆவணத்தில் அந்த நிலம் பல தலைமுறையாக மனை. அவரை மாற்றி எழுதுகிறேன். புதிய வரைவில் அவர் யாரையும் ஆறுதல்படுத்துவதில்லை. தன் குறிப்புக் கட்டத்தில் தனக்கு எழுத அனுமதி உள்ள ஒரே வரியை எழுதுகிறார்: தலத்தில் நீர்க்கசிவு காணப்பட்டது. அந்தக் குறிப்பின் நகல் மனு எழுதும் பெண்ணின் கைக்கு வருகிறது. மனுவோடு அதை இணைத்தால் ஏரியின் கோப்பு அடுத்த மேசைக்கு நகரும், தையல்காரருக்கு நோட்டீஸ் போகும். இணைக்காவிட்டால் இரண்டும் நடக்காது.